ஞாயிறு இல்லாத ஐந்து நாள்

"ஏழு நாள்னு போடப்போறியாமே யகோமினா, நடுவுல ஞாயித்துக்கிழமை வருதே, யோசிச்சியா?"

சபை மூப்பர் மரீனஸ் இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. யகோமினாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யோசிக்கவில்லைதான்.

நேற்று சர்ச் வாசலில் அவர் மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். விடிந்ததும் மூப்பரே வந்து நிற்கிறார்.

விற்கப்போவது கூடத்துச் சுவர்க் கடிகாரம். புருஷன் வீட்டில் நாலு தலைமுறையாக ஓடியது. உச்சியில் மூன்று பித்தளைத் தேவதூதர்கள். நடுவில் நிற்பவருக்கு மட்டும் எக்காளம் பாதிதான் இருக்கும். கல்யாணமான புதிதில் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று அந்த மனுஷன் ஒடித்து வைத்தது. அவரும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். மகள் லேனா டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கடல் அணை ரோட்டில்தான் சைக்கிள் மிதிக்க வேண்டும். அங்கே அடிக்கிற எதிர்காற்றுக்கு எருமையே பின்வாங்கும்; லேனாவுக்கோ வீசிங். பேட்டரி சைக்கிள் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். அதற்காகத்தான் கடிகாரம் இணையத்தில் ஏலத்துக்குப் போகிறது.

ஏலம் எத்தனை நாள் நடக்க வேண்டும், மூன்றா, ஐந்தா, ஏழா, பத்தா என்று ஏலப் பக்கத்தில் கேட்டிருந்தது. எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனை பேர் கண்ணில் படும் என்று லேனா பத்தில் நின்றாள். அது பேராசை என்றாள் அம்மா. ஒருவழியாக ஏழுக்கு இறங்கி வந்திருந்தார்கள்.

மூப்பர் காபியை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "எவனோ ஒருத்தன் ஓய்வுநாள்ல உக்காந்து ஏலம் கேப்பான். அந்தப் பாவம் அவனோட போயிடாதும்மா. கடையைத் திறந்து வச்சவ நீதானே."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த லேனாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க கோழி ஞாயித்துக்கிழமையும் முட்டை போடுது மூப்பரே. நிறுத்தச் சொல்லட்டுமா?"

அம்மா முறைத்தாள். மூப்பர் கோபிக்கவில்லை. "கோழிக்கு ஆத்துமா கிடையாது கண்ணு" என்று சிரித்துவிட்டு, டப்பாவைத் தானே திறந்து இரண்டாவது பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டார்.

வழியும் அவரே சொன்னார். ஐந்து நாள் போதும். இன்றைக்குத் திங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சனிக்கிழமை ஆறு மணிக்குச் சுத்தமாக முடிந்துவிடும்.

அவர் தலை மறைந்ததும் லேனா குதித்தாள். சனிக்கிழமை ஆறு மணிக்கு இந்தப் பக்கத்து ஜனம் பூராவும், ஓய்வுநாளில் வேலை ஆகாதென்று, மறுநாளுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டும் இருக்கும். வெளியூர்க்காரர்கள் பழைய சாமான் தேடுவதே ஞாயிறு சாயங்காலம் பொழுது போகாமல் கிடக்கும்போதுதான். அவள் சொன்னதில் தப்பில்லை என்று யகோமினாவுக்கும் தெரிந்தது. ஆனால் போகும்போது மூப்பர் கடிகாரத்தின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, "நல்லா ஓடுதா?" என்று கேட்டாரே, விற்கிற சாமான்மேல்கூட அக்கறை. அப்பேர்ப்பட்ட மனுஷர் நமக்குக் கெடுதல் சொல்வாரா?

ஐந்தை அழுத்தினாள்.

மூன்றே பேர் கேட்டார்கள். டவுனில் பழைய சாமான் கடைக்காரர் இவ்வளவு பெறும் என்று சொன்னதில் பாதிக்குப் போனது. யாரோ ஒரு பையன் வேன் கொண்டுவந்து, மரியாதையாகப் பேசி, போர்வை சுற்றி எடுத்துப் போனான். சுவரில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அந்தப் பணத்துக்குப் பேட்டரி இல்லாத பழைய சைக்கிள்தான் கிடைத்தது. லேனா தினமும் மூச்சிரைக்க வந்து, முதல் வேலையாக இன்ஹேலரைத் தேடினாள். ஏழு நாளே போட்டிருக்கலாமோ என்று யகோமினா தனக்குள் குமைந்தாள்.

மூப்பர்தான் தேற்றினார். ஆராதனை முடிந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். சுத்தமான மனசாட்சி கடையில கிடைக்குமா?" என்றார். மறுநாள் தோட்டத்துப் பேரிக்காய் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். யகோமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவருக்காகத் தனியாக ஜெபம்கூடப் பண்ணினாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது லேனா வந்து போனை மூக்குக்கு நேரே நீட்டினாள். ஏலப் பக்கத்தில் ஒரு கடிகாரம். நடுத் தேவதூதர் கையில் பாதி எக்காளம். கேட்கிற தொடக்க விலையே இவளுக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

"வாங்கினவன் விக்கறான். நமக்கென்னடி?"

லேனா படத்தைப் பெரிதாக்கினாள். கடிகாரத்துக்குப் பின்னால் சுவர். சுவரில் சட்டம் போட்ட பத்துக் கட்டளைகள். அதன் கீழே பச்சை சோபா. வருஷா வருஷம் மூப்பரின் பிறந்தநாளுக்கு யகோமினா கேக் தட்டோடு உட்காருகிற அதே சோபா.

கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளைக்குப் போட்டிருக்காரு?" என்று கேட்டாள். 

"பத்து நாள்மா, வியாழக்கிழமையே போட்டாச்சு. நடுவுல நாளைக்கு ஒரு ஞாயிறு. ஏலம் முடியறதே அடுத்த ஞாயிறு சாயங்காலம்தான்."