நாக்கு சாரின் கடைசி டானிக்

நீதிபதிகளில் ஒருவர் மேஜைக்கு அடியில் படுத்து அழுதுகொண்டிருந்தார். இன்னொருவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் வாயில் வைத்ததை வைத்த வேகத்தில் துப்பிவிட்டு, நாக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவருக்கும் இன்னும் மூன்று வயது நிறையவில்லை. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கென்று சத்து டானிக் தயாரிக்கிற கம்பெனி அது. ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வந்திருந்த பெரிய மனிதர்கள் இவர்கள்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. டானிக்குக்கு ருசி சேர்ப்பது அவர் வேலை. கம்பெனியில் அவரை எல்லோரும் 'நாக்கு சார்' என்றே கூப்பிடுவார்கள்.

பக்கத்தில் முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"போன தடவை வாழைப்பழ ருசின்னீங்க, துப்புச்சுங்க. அதுக்கு முன்னாடி சாக்லேட்டுன்னீங்க. பிள்ளைங்களை சாக்லேட்டையே துப்ப வச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்."

"அதுல இருக்கிற இரும்புச் சத்து அப்படிம்மா. எதைக் கலந்தாலும் துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரிதான் இருக்கு."

"இதுவும் போச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? ஐம்பது வயதுக்கு மேல் எந்தக் கம்பெனி வாசலில் போய் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பது? மேஜைக்கு அடியில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. நாக்கு சாருக்கு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்தப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்ததும் அவரேதான். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும், அதன் தீர்ப்பு செல்லாது என்பது அவர் கட்சி. வீடு வீடாகப் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்க குழந்தை சாப்பிட அடம்பிடிக்குமா?" பெற்றவர்கள் அழாத குறையாக "ஆமா" என்றால் கூட்டிவரச் சொன்னார்.

வந்த பெற்றவர்களை வராந்தாவிலேயே உட்காரவைத்துவிடுவது கம்பெனி வழக்கம். அவர்கள் மூஞ்சியைப் பார்த்தால் தீர்ப்பு மாறிவிடுமாம்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண் குழந்தை. இரட்டைக் குடுமி போட்டுக்கொண்டு, ஊர் அழுவதைப் பற்றிக் கவலையே இல்லாமல், தாளில் ஒரு மரத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆயா ஸ்பூனோடு உட்கார்ந்தார்.

"ஆ காட்டு கண்ணு."

குழந்தை ஆ காட்டியது. நாக்கு சார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

துப்புகிற சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தால் குழந்தை ஸ்பூனை இரண்டு பக்கமும் நக்கிக்கொண்டிருந்தது. "இன்னும்" என்றது. ஒரு வேளைக்கு அவ்வளவுதான் என்று ஆயா கையை விரித்ததும், காலிக் கிண்ணத்தைப் பிடுங்கி விரலால் வழித்தது.

முதலாளியம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"கம்பெனி ஆரம்பிச்சதிலேருந்து ஒரு பிள்ளை இன்னும் வேணும்னு கேட்டதில்ல சார். சோத்தைக் கண்டா ஓடற பிள்ளை வழிச்சு நக்குது பாருங்க. இதுதான் ருசி. பாட்டில்ல அடைக்கச் சொல்லிடுங்க. லேபிள்ல இவ படத்தையே போட்டுடலாம், அவங்க அப்பாவைக் கூப்பிடுங்க."

நாக்கு சாருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இருவரும் உள்ளே போனபோது ஆயா மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பச்சை க்ரேயானைக் காணோம் சார். இப்பதான் பாப்பா கையில இருந்துச்சு."

"போனா போகுதும்மா, ஒரு பெட்டியே வாங்கிக்கலாம்" என்றார் நாக்கு சார், மகாராஜா தோரணையில்.

குழந்தையின் அப்பா அவசர அவசரமாக வந்தார்.

"என்ன சார், ரகளை பண்ணிட்டாளா?"

"ரகளையா? என் வயித்துல பாலை வார்த்திருக்கா சார் உங்க பொண்ணு. டானிக்கை நக்கிச் சாப்பிட்டுட்டு இன்னும் வேணும்னு கேக்கறா."

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சந்தோஷப்படவில்லை. கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தார். மகளையும் பார்த்தார்.

"ஆசைப்பட்டுச் சாப்பிட்டாளா?"

"பின்ன? மத்த பிள்ளைங்க எல்லாம் துப்பிடுச்சுங்க. உங்க பொண்ணு ஒருத்திக்குத்தான் ருசி தெரிஞ்சிருக்கு."

"அதுக்கில்ல சார்..." அப்பா சங்கடத்தோடு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நேத்து குளிக்கிற சோப்பைக் கடிச்சு வச்சிருந்தா. முந்தாநாள் என் செருப்பு வாரு. சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னதுல டாக்டர்கிட்ட வேற காட்டிட்டிருக்கோம்."

முதலாளியம்மா நாக்கு சாரைப் பார்த்தார். நாக்கு சார் தரையைப் பார்த்தார்.

"ஆனா... போன்ல கேட்டப்போ, சாப்பிட அடம்பிடிப்பான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"நிஜம்தான். சாப்பாடா இருந்தா தொடமாட்டா சார்."