கேன்காரர் வைத்த பரீட்சை

“ஏம்மா, ரோட்டுல போற ஆளு படிச்சா இது புரியுமா? புரியாதுன்னா இன்னைக்கே மூட்டையைக் கட்டிடலாம். நீ மட்டுமில்ல, உன் டீம்ல இருக்கிற அஞ்சு பேரும்தான்!”

மேனேஜர் சுழல் நாற்காலியில் சாய்ந்தார். ஆபீஸே ‘குண்டூசி’ என்று கூப்பிடும் அந்த ஒல்லிப் பெண், தான் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழியைத் திரையில் காட்டிக்கொண்டு நின்றாள்.

“புரியும் சார். நாம பேசற மாதிரியே எழுதலாம்.”

“உங்க பேச்சு உங்களுக்குப் புரியும். ஊருக்குப் புரியணுமே!”

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு தண்ணீர்க் கேன்காரர் உள்ளே வந்தார்.

“அண்ணே, கேனை இறக்கிட்டு இதைக் கொஞ்சம் படிங்களேன்” என்றாள் குண்டூசி.

“நானாம்மா? சட்டையெல்லாம் ஈரம்.”

“சட்டையையா படிக்கச் சொன்னாங்க? வாய்யா!” என்றார் மேனேஜர்.

கேன் இறங்கிய தோளைத் தடவிக்கொண்டே அவர் படித்தார். ‘வந்த செய்தியின் முதல் சொல்லை எடு. அதைக் கட்டளையில் வை. கட்டளையில் உள்ள பெயரைக் கொண்ட வேலையைக் கூப்பிடு.’

மேனேஜர் மடக்கினார். “கட்டளைன்னு ஒரு வேலையே கிடையாதே, அப்புறம் எதைக் கூப்பிடும்?”

“கட்டளைங்கறது வெறும் டப்பா சார். உள்ள எந்தப் பேர் இருக்கோ அந்த வேலையைக் கூப்பிடும். கஸ்டமர் ‘ரத்து’ன்னு அனுப்பினா ரத்து பண்ற வேலை ஓடும்.” கேன்காரர் தலையைச் சொறிந்தார். “ஆனா எவனாவது வம்புக்கு ‘அழி’ன்னு அனுப்பினா, அதையும் கூப்பிட்டுத் தொலைக்கும். எதெதைக் கூப்பிடலாம்னு ஒரு வேலி போட்டுடும்மா.”

மேனேஜர் துள்ளி எழுந்தார். “கேன் போடற ஆளுக்கே புரியுதே! மொழி பாஸ். முதலாளிகிட்ட இப்பவே சொல்லிடறேன்!” போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் ஓடினார்.

குண்டூசிக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்க வயித்துல பாலை வார்த்தீங்கண்ணே! எப்படி இவ்வளவு சுளுவாப் புரிஞ்சுது?”

காலிக் கேனின் கழுத்தில் இரண்டு விரலை மாட்டித் தூக்கினார் அவர்.

“போன கம்பெனியில இதே மாதிரி ஒரு மொழியை நான்தாம்மா செஞ்சு குடுத்தேன். ரொம்ப நல்லா வந்துச்சு. ‘இனிமே நாங்களே எழுதிக்கறோம்’னு மறுநாளே என்னை அனுப்பிட்டாங்க.”