துரைக்குப் புரியாத ஸ்பானிஷ்

அன்றைக்குச் சலவைக்கூடத்தில் இருந்தவர்கள்: முதலாளியம்மா, பில் போடும் துரை, இஸ்திரிக்காரர், துணி மடிக்கும் அக்கா, வேன் டிரைவர், மெஷினில் துணி போடும் புதுப் பெண், துணியை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கும் நான். ஏழு பேர்.

தரையில் குவிந்து கிடந்தவை ஓட்டல் படுக்கை விரிப்புகள். நாற்பது. காலையில் வெள்ளையாக மெஷினுக்குள் போனவை, ரோஜா நிறத்தில் வெளியே வந்திருந்தன.

“சாயங்காலம் அனுப்பணும். இதை அங்க எவன் தலையில கட்டுறது?” முதலாளியம்மா கத்தினார்.

சாயம் விட்ட துணி எது என்று மெஷினுக்குள் தலையை விட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை.

“எப்படி இருக்கும்? இவதான் எதையோ சேர்த்துப் போட்டிருக்கா. எடுத்து ஒளிச்சும் வச்சுட்டா. இன்னிக்கே இடத்தைக் காலி பண்ணச் சொல்லுங்க.” முதலாளியம்மா விரல் புதுப் பெண்ணைக் காட்டியது.

புதுப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு தெரியாது. ஆனாலும் முதலாளியம்மா முகம் புரிந்துவிட்டது. கூடத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில்தான் பிள்ளையோடு இருக்கிறாள். வேலை போனால் அறையும் போகும்.

“அவ பக்கம் என்னன்னு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நம்ம துரை இருக்காரேம்மா!” என்றார் மடிக்கிற அக்கா.

எல்லோரும் துரை பக்கம் திரும்பினோம்.

துரை என்பது அவர் பேர் இல்லை. ஒரு வருஷமாகப் புத்தகமும் போனுமாகத் தானாகவே ஸ்பானிஷ் படிக்கிறார். வந்தால் ஸ்பானிஷில் வணக்கம், போனால் ஸ்பானிஷில் நன்றி. நடுவில், எங்களுக்கெல்லாம் ஒரு மொழிதான் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு வருத்தம். டிரைவர் வைத்த பேர்தான் துரை. அடுத்த வாரம் ஒரு மாத லீவில், ஸ்பானிஷ் பேசுகிற நாட்டுக்கே போகிறார், பேசிப் பழக.

“பேசிப் பழக விமானம் ஏறணுமா? மெஷின் பக்கத்திலேயே ஒருத்தி நிக்கிறாளே” என்று இஸ்திரிக்காரர் ஒருநாள் கேட்டார்.

“அண்ணே, அவ பேசுறது பட்டிக்காட்டு ஸ்பானிஷ். காதுல விழுந்தாலே என் உச்சரிப்பு கெட்டுடும்.”

அப்பேர்ப்பட்ட துரை, அன்று மேஜையை விட்டு எழவே இல்லை.

“வாங்க துரை, இதுக்குத்தானே ராப்பகலாப் படிச்சீங்க?” டிரைவர் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்.

அந்தப் பெண் துரையிடம் சொன்னாள். நிறுத்தி, நிதானமாக, காலில் விழாத குறையாகச் சொன்னாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

“என்னவாம்?” என்றார் முதலாளியம்மா.

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புரியலைம்மா.”

“ஒண்ணுமேவா?”

“ஒரு வார்த்தைகூட. ஒரே வேகம். பாதியை வாயிலேயே மென்னு முழுங்கிடுறா. நான் படிச்சது சுத்தமான ஸ்பானிஷ்.”

டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அங்க போய் இறங்கினதும், ‘எல்லாரும் மெதுவாப் பேசுங்கப்பா, துரை வந்திருக்காக’ன்னு மைக்ல சொல்லுவாங்களா?”

“காதுல ஒயரை மாட்டிக்கிட்டு ஒரு வருஷம் நம்ம கழுத்தை அறுத்தாரு, அவ்வளவுதான்” என்றார் அக்கா.

“மொழியெல்லாம் சிலருக்குத்தான் வரும். விடுங்க பாவம்” என்றார் இஸ்திரிக்காரர்.

துரையும் கூடச் சேர்ந்து சிரித்தார். “என்ன பண்றது, மண்டையில ஏறலை.”

உச்சரிப்பு சரியில்லை என்று யாரோ சொன்னதற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர். அன்று விழுந்த அத்தனை ஏச்சையும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

முதலாளியம்மா அந்தப் பெண்ணுக்கு வாசலைக் காட்டினார்.

அவள் கையுறையைக் கழற்றி வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தவள், துரைக்கு எதிரே வந்ததும் நின்றாள். அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். ஸ்பானிஷில் ஒரே ஒரு வரி சொன்னாள். முன்பு பேசியதைவிட இரண்டு மடங்கு வேகமாக.

துரையின் இரண்டு கைகளும் பாய்ந்து பேண்ட் ஜிப்பைப் பொத்தின.

ஜிப் ஒழுங்காகத்தான் மூடியிருந்தது.

டிரைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெண் நகரவில்லை. துரை கையை எடுக்கவும் இல்லை.

“ஓகோ” என்றார் முதலாளியம்மா. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. “இந்த வேகம் புரியுது. மெதுவாச் சொன்னது புரியலை. அப்படித்தானே?”

துரை ஜிப்பிலிருந்து கையை எடுத்தார்.

“முதல்ல அவ என்ன சொன்னா? வார்த்தை மாறாமச் சொல்லணும்.”

துரை தரையைப் பார்த்தார். “லீவுல போட்டுக்கப் புதுச் சட்டை ஒண்ணு வாங்கினேன்மா. சிவப்பு. ஒரு தண்ணியில அலசி எடுத்துக்கலாம்னு, காலையில நான்தான் மெஷினுக்குள்ள போட்டேன். மெஷின் நின்னதும் முதல் ஆளா வந்து எடுத்துப் பையில வச்சுட்டேன். அவ பார்த்துட்டா.”

“அதைத்தான் சொன்னாளா? நீங்க போட்டீங்கன்னு?”

“இல்லம்மா.”

“பின்ன?”



“ ‘உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். நான் போடலைன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்’னு சொன்னா.”

முதலாளியம்மா மறுபடியும் வாசலைக் காட்டினார். துரை பையை எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சம் ஆறு பேர்.