கறுப்பனின் பட்டினி

குழந்தையின் அடக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் கிளம்பியதிலிருந்து பெரிய நாய் கறுப்பன் சாப்பிடவில்லை. குட்டி நாய் வாலு தன் தட்டை நக்கித் துடைத்துவிடும். கறுப்பன் மட்டும் தட்டின் முன் உட்கார்ந்து கணவன் மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஃப்ரிட்ஜ் ஓடவில்லையென்றால் முதலில் பிளக்கைப் பார், பிறகுதான் உள்ளே கை வை என்பவன். கறுப்பனின் பல், நாக்கு எல்லாம் பார்த்தான். தட்டைக்கூட மாற்றினான்.

"எச்சில் ஒழுகுது பாரு. பசி இருக்கு. கோளாறு உள்ள இல்ல."

"டாக்டரும் அதையேதான் சொன்னாரு. பாப்பாவ நினைச்சு ஏங்குறான்ங்க."

"ஒரு ஜெபம் பண்ணேன்மா."

"அந்தப் பேச்சே வேணாம். கேட்டுக் கேட்டு என்னத்தக் கண்டோம்?"

மறுநாள் கறுப்பன் சுருண்டு படுத்துவிட்டது. அவள் தட்டோடு தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஆண்டவரே, என் பிள்ளைய எடுத்துக்கிட்டீர். இவனையாவது விட்டுடும். ஆமென்."

கறுப்பன் தடுமாறி எழுந்து தட்டில் வாய் வைத்தது.

இருவரும் திகைத்தார்கள். கல்யாணமான புதிதில் அவள்தான் பழக்கியிருந்தாள்: சாப்பாட்டு ஜெபம் முடிந்து 'ஆமென்' கேட்ட பிறகே கறுப்பன் வாய் வைக்க வேண்டும். வாலுவுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. உறவுக்காரர்கள் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சாப்பாட்டு ஜெபம் சொல்லவில்லை.

"கோளாறு நம்மகிட்டதான் இருந்திருக்கு" என்றான் கணவன்.

"சண்டை எனக்கும் ஆண்டவருக்கும். பட்டினி இவனுக்கா?" அடக்கத்தன்றுகூட அழாதவள் உடைந்து அழுதாள்.

காலியான தட்டில் அவன் இன்னொரு கரண்டி சோறு போட்டான்.

கறுப்பன் மறுபடியும் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தது.