நாப்பத்தொரு நம்பர்

"இதுல ஒரு நம்பர் கொறைஞ்சாலும், நாளைக்கே நீங்க டிரான்ஸ்பர் வாங்கிக்கிட்டுக் கிளம்பிடணும் மேடம். ஊரறியச் சொல்றேன்!"

ரிசல்ட் அன்னிக்கு மைக்கிலேயே சொல்லிட்டார் வக்கீல் ராமானுஜம். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.

எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் லோகநாயகி மேடம் பசங்க பரீட்சை நம்பர் லிஸ்டை எடுத்து என் கையில குடுத்தாங்க. நான் ஸ்கூல் கிளார்க் ஞானதாஸ். எனக்குத்தான் பத்திக்கினு வந்துச்சு. ஒரு பொம்பளைகிட்ட, அதுவும் அவ்வளவு கூட்டத்துல, இப்படியா பேசுவாங்க?

அது தொண்ணூத்தேழு. செய்யூர் பக்கத்துல எங்க கவர்மென்ட் ஹைஸ்கூல் ரெண்டு வருஷமா பத்தாம் வகுப்புல நூத்துக்கு நூறு ரிசல்ட். மூணாவது வருஷமும் வாங்கிட்டா ப்ளஸ் டூ கேட்டு மனு போடலாம்னு ஊரே காத்துக்கினு இருந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, ஜனங்க அப்படி ஒத்தாசை பண்ணாங்க. வேர்க்கடலை பிடுங்குற சீசன்லகூட வேலைய விட்டுட்டு வந்து, புது வகுப்பறைக்கு மண்ணு சுமந்தாங்க.

நடுவுல வந்தது ஜெபா பிரச்சினை. காசியம்மா பொண்ணு. அரையாண்டுல கணக்குல பன்னெண்டு மார்க்.

"அந்தப் பொண்ணுக்கு டி.சி. குடுத்துடுங்க. பிரைவேட்டா எழுதட்டும். ஒருத்தியால ஊர் மானம் போகணுமா?" ஆபீஸ் ரூமுக்கே வந்து குதிச்சார் ராமானுஜம்.

பல ஸ்கூல்ல நடக்குற கூத்துதான் இது. தேறாத பிள்ளைய முன்னாடியே கழட்டி விட்டுட்டா, மிச்சம் இருக்கிறவங்கள வச்சு நூத்துக்கு நூறு!

"முடியாது சார்"னு ஒரே வார்த்தை மேடம். தினமும் ஸ்கூல் விட்டதும் ஜெபாவை உக்கார வச்சு கணக்கு போட வச்சாங்க. அன்னிலருந்து ரெண்டு பேருக்கும் ஆகாது.

இப்ப ரிசல்ட் நாள். ஸ்கூல் மைதானத்துல பந்தல், மைக் செட்டு, பட்டாசு எல்லாம் ரெடி. மதுராந்தகம் பஸ்ஸுல ரிசல்ட் போட்ட மாலைப் பேப்பர் வந்துச்சு. ஊருக்கே ஒரே பேப்பர். பாஸானவங்க நம்பர் மட்டும்தான் அதுல இருக்கும்.

"யாரும் தொடாதீங்க. நானே படிக்கிறேன்"ன்னு வாங்கிக்கிட்டார் தலைவர்.

நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் படிச்சார். நான் லிஸ்ட்ல டிக் அடிச்சேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஒவ்வொரு நம்பருக்கும் விசில், கைதட்டல். ஜெபா நம்பர் இருபத்தி நாலு. காசியம்மா பந்தக்காலைக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னுச்சு.

"இருபத்தி ரெண்டு... இருபத்தி மூணு..."

சட்டுனு நிறுத்திட்டார். பேப்பரையே பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"இன்னா தலைவரே, எம் பொண்ணு நம்பரு இல்லியா? சொல்லித் தொலையேன்!" காசியம்மா அலறிடுச்சு.

"இருபத்தி நாலு."

"யம்மா! பாஸாயிடுச்சு!" காசியம்மா ஜெபாவைக் கட்டிக்கினு அழுதுச்சு. மேடம் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு.

"இருபத்தொம்பது... முப்பது..."

மறுபடியும் நின்னுட்டார். சோடாவை எடுத்துக் குடிச்சார். ஜனங்க உயிரை எடுக்கறதுல என்ன சுகமோ இந்த மனுஷனுக்கு!

"முப்பத்தொண்ணு."

அது அவரோட பொண்ணு மதுவந்தி நம்பர். அவ கை தட்டிக் குதிச்சா. அப்புறம் மூச்சு விடாம படிச்சு முடிச்சார்.

"நாப்பத்தொண்ணு!"

நாப்பத்தொரு பேருக்கும் டிக். நூத்துக்கு நூறு! பட்டாசு வெடிச்சுச்சு. பசங்க சட்டையைக் கழட்டிச் சுத்தினாங்க.

"பேப்பரைக் குடுங்க சார். நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்"ன்னாங்க மேடம்.

"அப்புறம் பாத்துக்கலாம் மேடம், என்ன அவசரம்?"

மேடம் விடல. வாங்கிப் பார்த்தாங்க. விரலை வச்சு ரெண்டு தடவை பார்த்தாங்க. பொறுமையா மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டாங்க.

யாரோ ரோஜா மாலையைக் கொண்டுவந்து தலைவர் கையில குடுத்தாங்க. அவர் மாலையை மேடம் பக்கம் நீட்டினார்.

"வேணாம் சார்." மேடம் ஒரு அடி பின்னாடி போயிட்டாங்க.

கூட்டத்துல முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க.

"பழசை மனசுல வச்சிக்கினு கீது பாரு!"

"ஊரே மரியாதை பண்ணுது, இம்மாந் திமிரா?"

எனக்கே கோவம் வந்துடுச்சு. ஜெயிச்ச நேரத்துல இந்த வீம்பு தேவையா? "வாங்கிக்கங்க மேடம், தப்பா பேசுறாங்க"ன்னு பக்கத்துல போய்ச் சொன்னேன்.

மேடம் என்னைக் கண்டுக்கல. மைக்கை ஆஃப் பண்ணிட்டு, தலைவருக்கும் பக்கத்துல நின்ன எனக்கும் மட்டும் கேக்குற மாதிரி சொன்னாங்க.

"முப்பத்தொண்ணு பேப்பர்ல இல்ல சார். ஊருக்கு நான் பக்குவமா சொல்லிக்கிறேன், நீங்க முதல்ல பொண்ணைத் திட்டாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குக் காலையிலருந்து என்கிட்ட அனுப்புங்க, அக்டோபர் மறுபரீட்சையில அவ பாஸ் பண்றதுக்கு நான் பொறுப்பு."