கிராம்புக் கோடு

சுரங்கப்பாதை இடிந்து முப்பது மணி நேரமாகிவிட்டது. இடதும் வலதுமாகத் துளையிட்டு, உள்ளிருக்கும் காற்றைக் குழாயில் இழுத்துக் கருவிக்கு அனுப்பினார்கள். மூச்சிலுள்ள எதிர்மின் அயனிகளை லேசர் அடிக்கும். உதிரும் எலெக்ட்ரான்கள் திரையில் கோடாக எழுந்தால், அங்கே உயிர் இருக்கிறது. மூச்சில் கலந்த ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கோடு.

கருவியை இயக்கியவள் பூங்கோதை. உள்ளே சிக்கியிருந்தவன் அவள் கணவன் தணிகாசலம். பல்வலிக்காக எந்நேரமும் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பவன்.

இடது குழாயில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. வலது குழாயை மாட்டியதும் கிராம்பின் கோடே பளிச்சென்று எழுந்தது.

"அவருதான் சார்! வலது பக்கம்!"

பொறியாளர் இடப்பக்கத்துத் துளை எந்திரத்தை வலப்பக்கம் நகர்த்தினார். மூன்று மணி நேரம் குடைந்தும் வெறும் பாறைதான் வந்தது.

"ஏம்மா, நிச்சயமாத் தெரியுதா?"

"கோடு இன்னும் நிக்குது சார், நிறுத்திடாதீங்க!"

கத்தியபோது அவள் நாக்கு காந்தியது. இடது குழாயைப் பார்த்த பிறகு, பயத்தில், அவன் வெளியே விட்டுப்போயிருந்த டப்பாவிலிருந்து கிராம்பை ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருந்தாள். வலது குழாயின் சரியாக இறுகாத மூட்டு அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கோடு படுத்துவிட்டது.