வெட்டாத நுனி

தையல் மெஷினில் பாபின் நிறைந்துவிட்டது. அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

அரக்கு நூல் விளிம்பைத் தாண்டி வழிந்து தண்டில் சுற்றிக்கொண்ட பிறகுதான் கால் நின்றது.

எட்டு வருடமாக ஊரார் வீட்டுக் கல்யாண ரவிக்கைகளைத் தைக்கிறவள். ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை.

வழிந்த நூலை வெட்டி எறிந்தாள். பாபினை அதன் இரும்புக் கேஸுக்குள் போட்டு, நூலைத் தகட்டின் அடியில் இழுத்து, நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டாள்.

லேசாக உதறினால் கேஸ் ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும்.

நின்றது. சரியான இறுக்கம்.

மடியில் பட்டு ரவிக்கை கிடந்தது. அவளுடைய முகூர்த்த ரவிக்கை. போன வாரம் தனக்கென்று அவளே தைத்தது. பக்கத் தையல் இரண்டையும் நேற்றே பிரித்துவிட்டாள்.

தங்கை நித்திலாவுக்கு ஒல்லி உடம்பு. பக்கத்துக்கு அரை அங்குலம் பிடித்தால் போதும்.

மாப்பிள்ளை வீட்டார் புடவை எடுக்க வந்த அன்றுதான் நித்திலா ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அவ்வளவுதான்.

மறுவாரம் அத்தை சேதி கொண்டுவந்தாள். உட்காரக்கூட இல்லை.

“மண்டபம் பேசியாச்சு. பட்டு எடுத்தாச்சு. தேதியும் அதேதான். பொண்ணு மட்டும்தானே மாறுது?”

அப்பா குனிந்த தலையை நிமிர்த்தாமலே ஆட்டினார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாற்பது நாள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன் வரும்.

“சாப்பிட்டாச்சா?”

அதற்கு மேல் அவருக்குப் பேச வராது. “இன்னும் இல்லை” என்று சொல்வதற்காகவே அவள் நாற்பது நாளும் பசியோடு காத்திருந்தாள். போய்ச் சாப்பிடு என்று ஒருவர் அதட்டுவதில் அவ்வளவு சுகம் இருந்தது.

இப்போது அந்தப் போன் வருவதில்லை.

உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. நித்திலாவையும் யாரும் கேட்கவில்லை.

அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் நித்திலா மாட்டேன் என்பாள். அக்கா வந்து உட்காராமல் தட்டில் கை வைக்காத பிள்ளை அது.

பெட்டியிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பாபின் கேஸின் திருகை அரைச் சுற்று தளர்த்தினாள்.

மறுபடி தொங்கவிட்டாள். கேஸ் கடகடவென்று தரைவரை இறங்கியது.

துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். பார்வைக்கு நேர்த்தியான தையல். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்தது.

வேறு யாருக்காவது இப்படித் தைத்துக் கொடுத்தால் முகத்தில் எறிவார்கள்.

ரவிக்கையை ஊசிக்கு அடியில் வைத்தாள்.

ஒரு பக்கம். மறு பக்கம்.

நுனியை மட்டும் சாண் நீளத்துக்கு விட்டுவைத்தாள்.

“நித்தி, வந்து போட்டுப் பாருடி.”

மூன்று நாளாக நித்திலா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை. திரும்பி நின்று போட்டுக்கொண்டாள்.

முதுகுக் கொக்கிகளை அக்காதான் மாட்டிவிட்டாள். பிறகு, இடுப்போரம் தொங்கிய நூலை எடுத்துத் தங்கையின் விரல்களுக்குள் வைத்தாள்.

“இன்னும் வெட்டலை. இதை இழுத்தா மொத்தமும் கழண்டு வந்துடும். நீ இழு. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.”

நித்திலா நூலைப் பிடித்தபடியே கண்ணாடியைப் பார்த்தாள்.

பக்கவாட்டில் திரும்பினாள். தோளைச் சரிசெய்தாள். கட்டிலில் மடித்து வைத்திருந்த பட்டின் முந்தானையை எடுத்து, மார்பில் வைத்துப் பார்த்தாள்.

மேசையில் கத்தரிக்கோல் இருந்தது.

எடுத்தாள். நூலைத் துணியோடு ஒட்ட வெட்டினாள்.

“சரியா இருக்குக்கா.”

கழற்றிக் கொடுத்தபோது ரவிக்கையில் உடம்பின் சூடு இருந்தது.

நித்திலா உள்ளறைக்குப் போனாள். கதவு பாதி சாத்திக்கொண்டது.

அவள் திருகை அரைச் சுற்று இறுக்கினாள். நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டாள். உதறினாள்.

ஒரு விரற்கடை இறங்கி நின்றது.

உள்ளறையில் போன் ஒலித்தது.

அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை.

“இன்னும் இல்லை” என்றாள் நித்திலா, மெதுவாக.